காக்கை வன்னியன் வேஷம் கட்ட ஆள் இல்லை

எங்கட ஊர்க் கோயில் திருவிழாவில, இலங்கையின்ர வன்னியில வெள்ளைக்காரனோட சண்டை பிடிச்ச பண்டாரவன்னியன்ர நாடகம் போடுற வருசமெல்லாம் ஒரே பிரச்சினைதான், அவரைக் காட்டிக்குடுத்ததா சொல்லுற காக்கை வன்னியன் வேஷம் கட்ட ஆள் கிடைக்காது. பண்டாரவன்னியனா வாறதுக்கு நாலு பேர் சண்டை பிடிப்பாங்கள், வெள்ளைக்காரத் துரையா வாறதுக்கும் பெடியள் முகத்தில பவுடரை அப்பிக்கொண்டு முதலே ரெடியா நிப்பாங்கள், ஆனா காக்கை வன்னியன் எண்டால் ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம். ஒருமுறை ஒரு அண்ணை ஓமெண்டு கட்டினவர், நல்லா நடிச்சவர், நாடகம் முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல சந்தையில மீன் வாங்கப் போனாலும் அவருக்கு "காக்கை" எண்டுதான் பேர், கலியாணம் பேசேக்க பெம்பிளை வீட்டுக்காரர் வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்திட்டுது. துரையா நடிச்சவனை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல.

நாட்டைப் பிடிச்சவனில வராத கோவம் காட்டிக்குடுத்தவனில வருது. இது எங்கட ஊரில மட்டும் இல்லை, அந்நியன் ஆண்ட எல்லா இடத்திலயும் இருக்கிற குணம்தான். ஆனா வன்னியில ஆர் ஆரின்ர பக்கம் நிண்டவை, ஏன் நிண்டவை எண்டதைத் துரோகி எண்ட ஒற்றைச் சொல்லால விளங்கிக்கொள்ள ஏலாது, அந்தச் சொல் கேள்வியை மூடுறதுக்குத்தான் கனதரம் பயன்பட்டிருக்கு. இதைக் கொஞ்சம் விரிவா எழுதோணும் எண்டு கன நாளா மனசில கிடந்தது.

முதல்ல அந்தக் கல்லில இருந்து தொடங்குவம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில வெள்ளைக்காரன் காலத்தில நட்ட ஒரு நினைவுக்கல். இந்த இடத்துக்குக் கிட்ட கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சார், 1803 ஒக்ரோபர் 31, அவ்வளவுதான் அதில இங்கிலீசில எழுதியிருந்தது. வெண்டவன் தன்ர வெற்றிக்கு நட்ட கல், காலப்போக்கில தோத்தவருக்கு நாங்கள் விளக்கு வைக்கிற கல்லா மாறினது. அந்தக் கல்லில காக்கை வன்னியன் எண்ட பேர் இல்லை. ஆனா எங்கட ஊரில எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பண்டாரவன்னியன் எப்பிடித் தோத்தவர் எண்டால் காக்கை வன்னியன் காட்டிக்குடுத்ததால எண்டுதான் சொல்லும்.

இதில ஒரு விசயம் கனபேர் கவனிக்கிறேல்ல. காக்கை வன்னியன் எண்ட பேர் 1803க்கு முந்தியே இருக்கு. 18ஆம் நூற்றாண்டில மயில்வாகனப் புலவர் எழுதின யாழ்ப்பாண வைபவமாலையில சங்கிலி மன்னனைப் பறங்கியளிட்டைக் காட்டிக்குடுத்த ஆளின்ர பேரும் காக்கை வன்னியன்தான். போத்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது 1619இல. கற்சிலைமடுச் சண்டை 1803இல. நடுவில 184 வருசம். ரெண்டு அரசர், ரெண்டு அந்நியர், ஆனா காட்டிக்குடுத்தவன்ர பேர் ஒண்டு. ஒரே பேரில ரெண்டு பேர் இருந்திருக்கலாம், வன்னியன் எண்டதே ஒரு பட்டம்தானே, ஆனா எனக்கு என்ன படுதெண்டால் தோல்வி வரேக்கெல்லாம் சனம் அந்தப் பழைய பேரை எடுத்து புதுக்கதைக்குள்ள வச்சிருக்கு. இன்னொண்டு, அந்த வைபவமாலையையே புலவர் எழுதினது ஒல்லாந்த அதிகாரி ஒருத்தர் கேட்டு. அந்நியன் கேட்க எழுதின புத்தகத்திலதான் அந்நியனுக்குக் காட்டிக்குடுத்தவன்ர கதை எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு. புலவரைத் துரோகி எண்டு ஆரும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது, அவர் எழுதாட்டி எங்களிட்ட இவ்வளவும் மிஞ்சியிருக்காது.

சங்கிலி தோத்ததுக்கும் காக்கை வன்னியன் ஒருத்தன் காணாது. 1617இல அவர் அரச குடும்பத்து ஆக்களைக் கொன்றுதான் ஆட்சிக்கு வந்தவர், அதால நாட்டுக்குள்ளயே பாதி எதிரி, அடுத்த வருசமே கிறிஸ்தவத்துக்கு மாறின ஆக்கள் அவருக்கு எதிரா எழும்பினவை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த படை உதவியோடதான் அவர் தப்பி நிண்டவர். பிலிப் டி ஒலிவேறா வரேக்க ஒரு நாடு ஒற்றுமையா நிண்டு ஒருத்தன் மட்டும் கதவைத் திறந்து விட்ட மாதிரி இல்லை, கதவு ஏற்கனவே உடைஞ்சு கிடந்தது. சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவை.

இப்ப வன்னிக்கு வருவம். வன்னி எண்டது அப்ப ஒரு ராசாவின்ர கீழ இருந்த ஒரு நாடு இல்லை. பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி எண்டு பற்றுப் பற்றா வன்னியர்கள் ஆண்டவை. வடக்க யாழ்ப்பாண அரசு, தெற்க கண்டி, நடுவில காடும் குளமும். யாழ்ப்பாண அரசனுக்குத் திறையா யானை குடுத்தவை, போத்துக்கீசன் வந்தாப் பிறகு அவனுக்கு யானை, 1658இல ஒல்லாந்தன் வந்தாப் பிறகு அவனுக்கும் யானை. கேக்கிறவன் மாறினான், யானை மாறேல்ல.

இந்த யானை விசயத்தில கொஞ்சம் நிக்கோணும், ஏனெண்டால் முழுச் சிக்கலும் இதுக்குள்ளதான் கிடக்கு. பிடிச்ச யானையள் வன்னியால நடத்திக்கொண்டு வரப்பட்டு கடல்நீரேரியக் கடந்து குடாநாட்டுக்குள்ள போகும், ஆனையிறவு எண்ட பேரே அதாலதான். அங்க இருந்து ஊர்காவற்றுறையில கப்பல் ஏத்துவினம், கோல்கொண்டா, வங்காளம் எண்டு தூர தேசத்து வியாபாரியள் வந்து வாங்குவினம். ஒல்லாந்தக் கொம்பனிக்கு அது நல்ல காசு. ஆனையிறவில ஒரு கோட்டை, அதோட சேர்த்து கிழக்குக் கடற்கரை வரைக்கும் வரிசையா காவல் கோட்டையள் வச்சிருந்தவங்கள், வன்னியால ஆர் வாறது ஆர் போறது எண்டு பாக்கிறதுக்கு. இப்ப சென்றி எண்டு சொல்லுற சாமான், அப்பவே இருந்திருக்கு.

ஆனா யானையக் காட்டுக்குள்ள போய்ப் பிடிக்கிறது கொம்பனிக்காரன் இல்லையே. வன்னியன்ர சனம்தான் பிடிக்கோணும். கமத்தை விட்டிட்டு, தோல் கயிறோட நாள் கணக்கா காட்டில கிடந்து, உயிரைக் குடுத்துப் பிடிக்கிற வேலை, அது ஊழியம், சம்பளம் இல்லை. வன்னியன் அந்தச் சனத்தை நெருக்கினால் சனம் இரவோட இரவா மூட்டை கட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் போயிடும், எல்லையில கம்பியா போட்டிருந்தது, காடுதானே. சனம் போனால் வயலும் போச்சு. நெருக்காட்டி யானை வராது, யானை வராட்டி யாழ்ப்பாணக் கோட்டையில இருந்து ஓலை வரும், பாக்கி எவ்வளவு எண்டு. அதால அந்தப் பாக்கி தீராமலே நிண்டுது. 1697இல யாழ்ப்பாணக் கொமாண்டரா இருந்த சுவார்டகுரோன் எழுதி வச்ச குறிப்பில தொன் பிலிப் நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இலங்கநாராயண முதலி எண்ட ரெண்டு வன்னியரின்ர பேர் வருது, யானைத் திறை பாக்கி எண்ட முறைப்பாட்டோட.

அந்தப் பேர்களை ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. தொன் பிலிப் நல்லமாப்பாணன். முன்பாதி அந்நியனுக்கு, பின்பாதி ஊருக்கு. பேரில மட்டும் இல்லை அந்தப் பிளவு, முழுச் சீவியமே அப்பிடித்தான் அவையளுக்கு. மேல கொம்பனி, கீழ சனம், தெற்க கண்டி ராசா, மூண்டு பேருக்கும் நல்லவனா நிக்கோணும். கொம்பனிக்கு வாற முறைப்பாட்டில இவை சோம்பேறியள், நம்ப ஏலாத ஆக்கள். சனத்தின்ர வாயில இவை கொம்பனியின்ர ஆக்கள். ஒரே மனுசன், ஒரே வேலை. திறையை வேணுமெண்டே இழுத்தடிக்கிறதும் ஒரு எதிர்ப்புத்தான் எண்டு எனக்குப் படுது, வாள் எடுக்காத எதிர்ப்பு, அதுக்கு ஒருத்தரும் நாடகம் போடமாட்டினம்.

அடுத்த நூறு வருசத்தில ஒல்லாந்தனுக்குப் பொறுமை போச்சுது. இனி இடையில வன்னியர் தேவையில்லை, நாங்களே நேர ஆளுவம் எண்டு 1782இல படையோட வந்தவன். அப்ப ஆர் கடுமையா நிண்டது எண்டு பாருங்கோ. வன்னிச்சி மரியா செம்பாத்தே எண்ட ஒரு பொம்பிளை. பிறகு வந்த ஆங்கிலேய அதிகாரியளே எழுதி வச்சிருக்கினம், ஒல்லாந்தருக்கு இவவை மாதிரி வேற எங்கயும் கடும் எதிர்ப்பு வரேல்ல எண்டு. பிடிச்சுக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில அடைச்சு வச்சவங்கள். பேர் மரியா. பறங்கி கொண்டுவந்த வேதத்தின்ர பேர். ஆர் எந்தக் கடவுளக் கும்பிட்டவை, எந்தப் பேர் வச்சவை எண்டதை வச்சு ஆர் எந்தப் பக்கம் எண்டு முடிவெடுக்கிறவை இந்தப் பேரை ஒருக்கா நினைக்கோணும். பண்டாரவன்னியனுக்குச் சிலை இருக்கு, இவவுக்கு எங்கட ஊர்ப் பிள்ளையளின்ர வாயில ஒரு பேர் கூட இல்லை, அதை நினைச்சால் எனக்கு உண்மையாவே நெஞ்சு நோகும்.

இதுக்குப் பிறகு நாகெல் எண்ட ஒல்லாந்த அதிகாரி வன்னியை நேரடியா நிர்வாகம் பண்ணினவர், நெல்லு வருமானத்தைக் கூட்டுறதில குறியா இருந்தவர். அப்பிடி நேர ஆளுறது எண்டாலும் கொம்பனிக்காரன் ஒவ்வொரு வயலுக்கும் போய் நெல்லு அளக்க ஏலாதே, அதுக்கு முதலி, உடையார், விதானை எண்டு உள்ளூர் ஆக்கள்தான். வன்னியனை எடுத்திட்டு நூறு குட்டி இடைத்தரகரை வச்ச மாதிரி. விதானையார் எண்ட சொல் எங்கட காலம் வரைக்கும் வந்திட்டுது, இப்பவும் கிராம சேவையாளரை ஊரில வயசான ஆக்கள் விதானையார் எண்டுதான் கூப்பிடுவினம், கூப்பிடேக்க ஒரு மரியாதையும் இருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கும்.

1795இல ஆங்கிலேயன் வந்தான். பண்டாரவன்னியனுக்கு இது ஒரு சந்தர்ப்பமாத் தெரிஞ்சிருக்கும், ஒருத்தன் போய் இன்னொருத்தன் கால் ஊண்ட முதல் பறிபோனதைத் திருப்பி எடுக்கலாம் எண்டு. 1803இல கண்டிக்குப் போன ஆங்கிலப் படை அழிஞ்சது, யூன் மாசம். ரெண்டு மாசத்தில, ஓகஸ்ட் 25, பண்டாரவன்னியன் கண்டியின்ர உதவியோட முல்லைத்தீவுக் கோட்டையப் பிடிச்சவர். கோட்டையில இருந்த டிரிபேர்க்கும் ஆக்களும் வள்ளம் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினவை. வன்னிப் படை ஆனையிறவு வரைக்கும் போனது. இப்பவும் ஓகஸ்ட் 25 எண்டால் எங்கட பக்கம் ஒரு உணர்ச்சி இருக்கு.

பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை எண்டு மூண்டு திசையாலயும் படை வந்தது, ஒக்ரோபர் 31 விடியக்காலம கற்சிலைமடுவில டிரிபேர்க் திடீரெண்டு வந்து அடிச்சவன். அந்தக் காலத்து அந்தக் காட்டுக்குள்ள வழி தெரியாத படை ஒண்டு விடியமுதல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது எண்டால் வழி காட்ட ஒருத்தன் இருந்திருப்பான் எண்டது நியாயமான ஊகம். ஆனா அந்த ஒருத்தன் ஆர்? ஊழியத்துக்குப் பயந்த கமக்காரனா, தன்ர பதவி போயிடும் எண்டு பயந்த உடையாரா, துவக்கு முனையில கூட்டிக்கொண்டு வரப்பட்ட வேட்டைக்காரனா, பழைய பகை இருந்த இன்னொரு வன்னியனா? நாடகத்தில இதுக்கெல்லாம் நேரம் இல்லை, அதால ஒரு பேர் போதும்.

டிரிபேர்க்கையே எடுங்கோ. வொன் எண்டு பேர் தொடங்கினாலே விளங்கும் அவன் இங்கிலீஷ்காரன் இல்லை எண்டு. ஒல்லாந்தக் கொம்பனியோட இந்தத் தீவுக்கு வந்த ஐரோப்பியக் குடும்பங்கள் ஆட்சி மாறின கையோட ஆங்கிலேயனுக்குச் சேவகம் செய்யத் தொடங்கினவை. ஏழெட்டு வருசத்துக்கு முதல் எதிரி, இப்ப எசமான். அவையளை ஆரும் காக்கை எண்டு சொல்லேல்ல. அதே 1803இல கண்டியில பிடிபட்ட மலாய்ப் படை அதிகாரி நூர்தீனிட்ட கண்டி ராசா தன்ர பக்கம் சேரச் சொல்லிக் கேட்டவன், ராசாவிட்டயும் ஒரு மலாய்ப் படை இருந்தது, ஆங்கிலேயனுக்குச் சத்தியம் பண்ணியிட்டன் மாறமாட்டன் எண்டு சொல்லி நூர்தீனும் அவரின்ர தம்பியும் செத்தவை. இந்தோனேசியத் தீவுகள் பக்கத்தில வேர், இந்தத் தீவில சீவியம், பிரித்தானிய ராசாவுக்கு விசுவாசம், கண்டியில சாவு. இந்த மனுசன் ஆருக்குத் துரோகி, ஆருக்கு வீரன் எண்டு என்னால சொல்ல ஏலாது.

சிங்களப் பக்கமும் இதே கதைதான். 1815இல கண்டி ஒப்பந்தத்தில கையெழுத்து வச்ச பிரதானியள்தான் தங்கட ராசாவை விட்டிட்டு ஆங்கிலேயனைக் கூப்பிட்டவை. அந்த ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், தென்னிந்திய வேர். அவரை அந்நியன் எண்டு சொல்லித் தள்ளிப்போட்டு இன்னும் பெரிய அந்நியனைக் கொண்டுவந்தவை. எஹெலப்பொல ஆங்கிலேயனுக்கு உதவினவர், பிறகு அதே ஆங்கிலேயன் அவரை மொரிசியசுக்கு நாடு கடத்தினவன், 1829இல அங்கதான் செத்தவர். கெப்பட்டிபொல 1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்கச் சொல்லி ஆங்கிலேயன் அனுப்பின ஆள், போன இடத்தில கிளர்ச்சிக்காரரோட சேர்ந்து, ஆங்கிலேயன் குடுத்த ஆயுதத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டுத்தான் சண்டை பிடிச்சவர். பிடிபட்டு அந்த வருசமே தலை வெட்டினவங்கள். கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எண்டு ஆங்கிலேயன் 1818இல கெஜட்டில போட்டவன், அந்த அறிவித்தலை இலங்கை அரசாங்கம் ரத்துச் செய்தது 2016இலதான். கிட்டத்தட்ட 200 வருசம் ஒரு கடதாசியில அவை துரோகியள், சனத்தின்ர மனசில வீரர்.

தமிழ்நாட்டில எட்டப்பன் எண்டு சொல்லுறது போலத்தான் எங்களுக்குக் காக்கை வன்னியன். கட்டபொம்மனைத் தூக்கில போட்டது 1799 ஒக்ரோபரில, கற்சிலைமடுவுக்குக் கிட்டத்தட்ட நாலு வருசம் முந்தி. கட்டபொம்மனைப் பிடிச்சுக் குடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான், ஆனா பழிச்சொல்லா நிலைச்சது எட்டப்பன்ர பேர். எட்டயபுரம் கொம்பனியோட நிண்டது உண்மைதான், ஆனா பிடிச்சுக் குடுத்தவன்ர பேர் மெல்ல மறைஞ்சு போய் பக்கத்து ஊர்ப் பகையாளின்ர பேர் சொல்லாயிட்டுது. சனத்தின்ர ஞாபகம் கோவத்தைச் சரியா வச்சிருக்கும், விலாசத்தை மாத்திப்போடும்.

கற்சிலைமடுவில பண்டாரவன்னியன் செத்தார் எண்டு நாடகத்தில காட்டுவம். ஆனா அதுக்குப் பிறகும் கன வருசம் அவர் கண்டி எல்லைக் காட்டுப் பக்கம் நடமாடின விபரம் ஆங்கிலேயரின்ர கடிதங்களில இருக்கு, 1810, 1811 வரைக்கும். அந்த ஏழெட்டு வருசம் அவருக்குச் சோறு குடுத்தது ஆர், ஒளிச்சு வச்சது ஆர், படை வருகுது எண்டு ஓடி வந்து சொன்னது ஆர்? அதுவும் வன்னிச் சனம்தான், விதானைக்கு முன்னால கும்பிட்டு நெல்லு வரியும் கட்டிப்போட்டு இரவில காட்டுக்குச் சோத்துப்பானை கொண்டுபோன சனம். அதே சனத்துக்குள்ள ஒருத்தன் காட்டிக்குடுத்தும் இருப்பான். 1982இல அரசாங்கம் பண்டாரவன்னியனைத் தேசிய வீரர் எண்டு அறிவிச்சது, வவுனியாவில சிலை வச்சது. அடுத்த வருசம் 83 இனக்கலவரம்.

இதெல்லாம் பழங்கதை எண்டு விட்டிருப்பன், நான் சின்னனில கண்ணால பாத்த ஒண்டு இல்லாட்டி.

1987 யூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம், இந்தியன் ஆமி வந்தது. முதல் மாதங்களில சனம் மாலை போட்டது, எங்கட அப்பாச்சி தேசிக்காய்த் தண்ணி கரைச்சு வாசலில நிண்டு குடுத்தவ. செப்ரெம்பர் 26 உண்ணாவிரதம் இருந்த புலிகளின்ர திலீபன் செத்தார், ஒக்ரோபர் 10 புலிகளுக்கும் இந்தியன் ஆமிக்கும் சண்டை தொடங்கினது, பிறகு அதே வாசலால அதே சீருடை சப்பாத்தோட உள்ள வந்தது. முல்லைத்தீவுக் காடு, அலம்பில், நித்திகைக்குளம் பக்கமெல்லாம் 1988இல பெரிய தேடுதல். ஆமிக்குள்ள தமிழ் கதைக்கிற ஆக்களும் இருந்தவை. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் சென்றியில நிப்பான், அப்பாச்சியை "பாட்டி" எண்டு கூப்பிடுவான், அவவுக்கு அது புதுச் சொல், சிரிச்சுப்போட்டு பனங்கட்டி குடுப்பா. ரெண்டு நாள் கழிச்சு வீட்டைச் சோதிக்க வந்ததும் அவன்தான், நெல்லு மூட்டையைக் கத்தியால குத்தேக்க அப்பாச்சியின்ர முகத்தைப் பாக்கேல்ல.

பெரியப்பாவிட்ட ஒரு பழைய டிரக்டர் இருந்தது. பகல்ல ஆமி வந்து சாமான் ஏத்த எடுத்துக்கொண்டு போவான். இரவில பெடியள், அதுதான் புலிகள், வந்து எடுப்பாங்கள். ஆமியோட நிண்ட மற்ற இயக்கக்காரரும் எடுப்பினம். டீசல் மட்டும் பெரியப்பாவின்ர காசு. ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்ல ஏலாது, ஒருத்தருக்குக் குடுத்தது மற்றவனுக்குத் தெரியவும் கூடாது. அவர் சில்லில ஒட்டின சேத்தை விடிய முதல் கழுவி விடுவார், எந்தப் பாதையால போனது எண்டு மண்ணில தெரியும் எண்டு பயம். தொன் பிலிப் நல்லமாப்பாணன்ர யானைப் பாக்கியைப் பற்றி வாசிக்கேக்க எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தச் சில்லுக் கழுவுறதுதான்.

அந்த ரெண்டரை வருசத்தில பக்கங்கள் மாறின வேகத்தை இப்ப உள்ள பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துறது கஷ்டம். 1988 கடைசியில இந்தியாவின்ர ஆதரவோட மாகாண சபை, வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். 1989இல பிரேமதாசா ஜனாதிபதி, இந்தியன் ஆமி வெளியேறோணும் எண்டு நிண்டவர், புலிகள் கொழும்போட பேச்சுவார்த்தை, கொழும்பிட்ட இருந்து ஆயுதமும் வந்தது. அதாவது தமிழ் ஈழம் கேட்டவை கொழும்போட, அதே ஈழம் கேட்டுத் தொடங்கின மற்ற இயக்கம் டெல்லியோட. டெல்லியோட நிண்ட பக்கம் தமிழ்த் தேசிய இராணுவம் எண்டு பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போகத் தொடங்கினவை, பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளையள், பிள்ளைபிடி எண்டுதான் சனம் சொல்லும். அப்பிடிப் பிடிச்சுக்கொண்டுபோன பிள்ளை என்ன துரோகம் செய்தது? ஆனா ஆமி போனாப் பிறகு அதுகளும் அந்தக் கணக்கிலதான் எழுதப்பட்டுதுகள். 1990 மார்ச் 24 கடைசி இந்தியச் சிப்பாய் கப்பல் ஏறினான், 1,100 பேருக்கு மேல அவையின்ர பக்கமும் செத்திருந்தவை. யூன் மாசம் புலிகளுக்கும் கொழும்புக்கும் திரும்பச் சண்டை. ஒக்ரோபரில வடக்கில இருந்த முஸ்லிம் சனத்தை முழுக்க வெளியேத்தினவை, எங்கட முல்லைத்தீவில தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி எண்டு பக்கத்து ஊர்ச் சனம், என்னோட படிச்ச பிள்ளையள். ஒரு ஊரையே, கைக்குழந்தையில இருந்து கிழவி வரைக்கும், நம்ப ஏலாத ஆக்கள் எண்டு ஒரு சொல்லால அனுப்பினது. காக்கை வன்னியன் எண்ட சொல் வளர்ந்து வளர்ந்து கடைசியில எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு இதுக்கு மேல எனக்கு உதாரணம் வேண்டாம். அதை அப்ப நாங்கள் ஒருத்தரும் வாய் திறந்து பிழை எண்டு சொல்லேல்ல, சொல்லியிருக்கோணும்.

திரும்பப் பெரியப்பாட்ட வாறன். இந்தியன் ஆமி காலத்தில ஒருநாள் விடிய ரவுண்டப், ஆம்பிளையள் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரோணும் எண்டு சொல்லி, வெயிலுக்குள்ள வரிசையா இருத்தி வச்சவங்கள். நாங்கள் சின்னப் பிள்ளையள் வேலிக்கு இஞ்சால அம்மாக்களோட. தலையாட்டியக் கொண்டுவந்தவங்கள். தெரியாத ஆக்களுக்கு, தலையாட்டி எண்டால் பிடிபட்ட ஒருத்தனை, அடிச்சு முறிச்ச ஒருத்தனை, கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை போட்ட சாக்கால மூடி ஜீப்பில இருத்துறது, ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால நடக்கோணும், அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போய் மற்றப் பக்கம் இருக்கோணும். அண்டைக்குப் பதினொரு பேருக்குத் தலை ஆடினது. அதில மூண்டு பேர் திரும்பி வரவேயில்லை.

பெரியப்பாவுக்கு ஆடேல்ல. டிரக்டர் ஓடினது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் முதல் ஆடும் எண்டு பெரியம்மா மண்ணில இருந்து அழுதுகொண்டு இருந்தவ. அவர் சாக்குக்கு முன்னால வந்து நிண்டார், சாக்கு அசையேல்ல, ஆமிக்காரன் ரெண்டாந்தரம் கேட்டான், அப்பவும் அசையேல்ல.

அண்டிரவு பெடியள் வந்து கேட்டவங்கள், அண்ணை, கிட்டப் போய் நிண்டனீங்கள், ஆரெண்டு பிடிபட்டதோ? சாக்குக்குள்ள ஆரெண்டு எனக்கென்ன தெரியும் எண்டார். அதுக்குப் பிறகு கன பேர் கேட்டவை, வீட்டுக்குள்ளயும் கேட்டது, திரும்பி வராத பிள்ளையளின்ர தாய்மாரும் வந்து கேட்டவை, அவர் அதே பதில்தான் சொன்னவர். அந்தத் தாய்மாருக்கு அவர் அப்பிடிச் சொன்னது சரியோ எண்டு எனக்கு இண்டைக்கும் மனம் ஆறேல்ல.

2009இல யுத்தம் முடிஞ்சு, இடம்பெயர்ந்த சனத்தை அடைச்சு வச்சிருந்த மெனிக் பாம் முகாமில இருந்து வெளிய வந்தாப் பிறகு, பாதி இடிஞ்ச வீட்டுத் திண்ணையில அவரும் நானும் மட்டும் இருக்கேக்க திரும்பக் கேட்டன். கனநேரம் கதைக்கேல்ல. பிறகு சொன்னார், சாக்கு இடுப்பு வரைக்கும்தான் இருந்தது, கால் தெரிஞ்சது, வலது பெருவிரலில மண்வெட்டி வெட்டின தழும்பு, அது வெட்டுப்பட்டது எங்கட வயல் வரம்பிலதான், நான்தான் பொயிலையும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டி விட்டனான்.

ஆர் பெரியப்பா எண்டன்.

அவன்ர பேரப்பிள்ளையள் உந்தப் பள்ளிக்கூடத்திலதான் படிக்குதுகள், நீ எழும்பிப் போய் மாட்டை அவிட்டுக் கட்டு எண்டார்.